நாலாவதாக வந்த அம்மா

2019 செப்டம்பர் கடைசியில் தோஹாவில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் பெண்கள் 100 மீட்டரை 10.71 விநாடியில் ஓடி ஜெயித்தார் ஜமைக்காவின் ஷெல்லி-ஆன் ஃப்ரேசர்-ப்ரைஸ். ஓடி முடித்த கையோடு இரண்டு வயது மகனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ட்ராக்கைச் சுற்றி வந்தார். அந்தப் படம் எங்கள் ஓட்டக்காரர் வாட்ஸப் குழுவில் எத்தனை முறை வந்தது என்று கணக்கே இல்லை. அதே மீட்டில் 100 மீட்டர் தடை ஓட்டத்தில் தங்கம் வாங்கிய அமெரிக்காவின் நியா அலியும் பிள்ளைகளோடுதான் சுற்றி வந்தார். குறைமாதத்தில் சிசேரியன் செய்து மகளைப் பெற்றெடுத்து ஒரு வருஷம்கூட ஆகாத ஆலிசன் ஃபீலிக்ஸ், ஆணும் பெண்ணும் சேர்ந்து ஓடும் கலப்பு ரிலேயில் தங்கம் வாங்கினார்.

பார்க்கப் பார்க்கச் சலிக்காத படங்கள். ஆனால் ஒரு ஃபைனலுக்கு எட்டு லேன். ஒருத்தர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கேமரா முன்னால் நிற்கிறார். மற்ற ஏழு பேர் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறார்கள். அவர்களுக்கும் பிள்ளை இருந்தால் அது அன்றைக்கு என்ன கேட்டிருக்கும்? ஃப்ரேசர்-ப்ரைஸுக்கே அடுத்த ஒலிம்பிக்ஸில், 2021 டோக்கியோவில், 10.74 ஓடியும் வெள்ளிதான் கிடைத்தது. எலைன் தாம்ப்சன்-ஹெரா 10.61 ஓடிவிட்டார். கொரோனா காரணமாக வெளிநாட்டுப் பார்வையாளர்களுக்கே அங்கே அனுமதியில்லை. ஓட்டக்காரர்களின் பிள்ளைகள் பெரும்பாலும் வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்துதான் அம்மா ஜெயித்ததையும் தோற்றதையும் பார்த்தார்கள். டிவிக்கு இந்தப் பக்கம் நடந்தது எந்தப் படத்திலும் வராது. எனக்கு அதில்தான் ஆர்வம்.

நான் கோயம்புத்தூரில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். கல்லூரி நாளில் 800, 1500 ஓடியவள். அப்புறம் வேலை, கல்யாணம், பெரியவள், சின்னவன் என்று வரிசையாக வந்ததில் ஸ்பைக்ஸ், அதாவது ஆணி வைத்த ஓட்ட ஷூ, பரணுக்குப் போய்விட்டது. 35 வயது ஆகிவிட்டால் மூத்தோர் தடகளத்தில் ஓடலாம் என்று ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் நடக்கும்போது ஒருவர் சொல்லப்போய், மறுபடி இறங்கினேன். 'மூத்தோர்' என்றதும் என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பை இன்னும் மறக்கவில்லை. இப்போது 40 முதல் 44 வரையிலான பிரிவில் ஓடுகிறேன். ஜெயிப்பதைவிடத் தோற்பது அதிகம். மாவட்டத்தில் எப்போதாவது ஒரு வெண்கலம், மாநில அளவில் பெயர் அறிவிக்கும்போது கைதட்டு.

காலை ஐந்து மணிக்கு ரேஸ்கோர்ஸ் சுற்றில் ஓடிவிட்டு டீக்கடையில் நிற்கும் நேரத்தில் எங்கள் பேச்சு பெரும்பாலும் முழங்காலைப் பற்றியோ டைமிங்கைப் பற்றியோதான் இருக்கும். ஆனால் ஒரு மீட் முடிந்த அடுத்த வாரம் மட்டும் பேச்சு பிள்ளைகள் பக்கம் திரும்பிவிடும். 100 மீட்டர் ஓடும் ஒரு போலீஸ்காரர், ஹீட்ஸ் என்கிற தகுதிச் சுற்றிலேயே வெளியேறி வீட்டுக்கு வந்த அன்று, அவருடைய ஸ்பைக்ஸைக் காணோம். தேடிப் பார்த்தால் மகன் அதைக் கொண்டுபோய் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறான். "இது மெதுவா ஓடற ஷூப்பா, வேண்டாம்" என்றானாம். இன்னொருவர் பள்ளிக்கூட டீச்சர், ஹாஃப் மாரத்தான் ஓடுபவர். ஒருமுறை பரிசு கைநழுவிப் போனபோது, அவருடைய மகள் நேரே முதல் பரிசு வாங்கிய பெண்மணியிடம் போய், "எங்கம்மாவுக்கு நேத்திருந்து காய்ச்சல், அதான்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். டீச்சருக்குக் காய்ச்சலும் இல்லை, தலைவலியும் இல்லை. அந்தப் பெண்மணி வந்து அக்கறையாக நெற்றியைத் தொட்டுப் பார்க்க, இவருக்கு எங்கே ஒளிவது என்று தெரியவில்லை.

சிரித்துவிட்டுக் கலைந்து போனோம். ஆனால் எனக்கு அந்தக் காய்ச்சல் விஷயம் மண்டையிலேயே இருந்தது. ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்தச் சாக்கு எங்கிருந்து வந்தது? தோற்றவர்களுக்கு ஒரு காரணம் தேவைப்படும், காய்ச்சல் என்றால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள் என்பது அதற்கு எப்படித் தெரிந்தது? வீட்டில் பெரியவர்கள் பேசியதைக் கேட்டுத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

நாலைந்து வயது வரை இந்தச் சிக்கலே கிடையாது. என் சின்னவனுக்கு இப்போது நாலு வயது. அவனுக்குத் தோல்வி என்று ஒன்று இருப்பதே தெரியாது. சாலை ஓட்டங்களில் ஓடி முடித்த எல்லோருக்கும் கழுத்தில் ஒரு மெடல் மாட்டி விடுவார்கள் இல்லையா, அதை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் எடுத்து மாட்டிக்கொண்டு "அம்மா ஃபஸ்ட்டு" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வருவான். ஆயிரம் பேருக்கு மேல் அதே மெடலோடு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள் என்று அவனுக்கு விளக்க நான் முயலவில்லை. பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் "ஏங்க, நீங்க ஒவ்வொரு தடவையும் ஃபஸ்ட்டா வர்றீங்களாமே" என்று கேட்டபோதுதான் கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே, ஜெனீவாவிலும் நியூஷாடெலிலும் சிறுவர்கள் கோலி விளையாடுவதைக் கூடவே உட்கார்ந்து கவனித்தவர். 1932-ல் அதை எழுதி வெளியிட்டார். ரொம்பச் சின்னப் பிள்ளைகள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஆளுக்கொரு ஆட்டமாக ஆடுவார்கள், யார் ஜெயித்தது என்று கேட்டால் எல்லோரும் ஜெயித்துவிட்டோம் என்பார்கள் என்று அதில் சொல்கிறார். அடுத்தவன் தோற்றால்தான் நான் ஜெயித்ததாக அர்த்தம் என்ற சங்கதி பின்னால்தான் வருகிறது. கோலியில் அவர் பார்த்ததை நான் எங்கள் வீட்டு வாசலில் தினமும் பார்க்கிறேன். பெரியவளும் சின்னவனும் கேட்டிலிருந்து வேப்பமரம் வரைக்கும் பந்தயம் ஓடுவார்கள். பத்தடி பின்னால் வந்து மரத்தைத் தொட்டுவிட்டு "நானும் ஃபஸ்ட்டு" என்று கத்துவான். பெரியவளுக்கு ஆத்திரம் தாங்காது. "ரெண்டு பேரும் எப்பிடிடா ஃபஸ்ட்டு வர முடியும்?" அவன் பதிலே சொல்ல மாட்டான். கேள்வியே அவனுக்கு விளங்கவில்லை.

எண்களில் இன்னும் வேடிக்கை. நான் 800 மீட்டரில் நாலாவது வந்ததைக் கேட்டுக் குதித்தான். ஏன் என்றால் நாலு ஒன்றைவிடப் பெரிசு, அதோடு நாலு அவனுடைய வயசு. "ஒண்ணு வந்தவங்க பாவம்மா" என்றான்.

மூத்தோர் தடகளத்தில் இந்த இடம், பரிசு விவகாரம் பெரியவர்களையே குழப்பும். ஓட ஆள் குறைவு என்பதால் இரண்டு மூன்று வயதுப் பிரிவுகளை ஒன்றாகச் சேர்த்து ஓட விடுவார்கள். எனக்கு முன்னால் போகிற பெண் 35 வயதுப் பிரிவாக இருக்கலாம், அவள் என் போட்டியே இல்லை. செஸ்ட் நம்பரைப் பார்த்தால்தான் தெரியும். ஏழாவதாக வந்து வெண்கலம் வாங்கியவர்கள் உண்டு. பிரிவில் மொத்தமே இரண்டு பேர் என்றால், ஒரு சுற்று பின்தங்கி நடந்து வந்து சேர்ந்தாலும் வெள்ளி உறுதி. அப்படியொரு வெள்ளி என்னிடமும் இருக்கிறது. அதைச் சின்னவன் கடித்துப் பார்த்தான். பெரியவள் மட்டும் சான்றிதழையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டே பேருதான ஓடுனீங்க?" என்றாள். அன்றைக்குத்தான் இவள் வளர்ந்துவிட்டாள் என்று புரிந்தது.

சின்னப் பிள்ளைகள் அழுவதில்லை என்று சொல்ல வரவில்லை. அழுவார்கள், வேறு காரணத்துக்காக. 800 மீட்டர் ஓடி முடித்தவர்களை கோட்டுக்குப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? தசைகள் கேட்கிற வேகத்துக்கு ஆக்சிஜன் போய்ச் சேராததால், அது இல்லாமலே சக்தி எடுக்கிற வழியை உடம்பு கணிசமாக நம்ப வேண்டிய தூரம் அது. கடைசி நூறு மீட்டரில் தொடை கல்லாகிவிடும். கோட்டைத் தாண்டியதும் நான்கு பேர் தரையில் கிடப்பார்கள், ஒருவர் ஓரமாகக் குனிந்து வாந்தி எடுப்பார். முதலாவதாக வந்தவரும் அப்படித்தான் கிடப்பார். மூன்று வயதில் சின்னவன் என்னை முதல்தடவை அந்தக் கோலத்தில் பார்த்துவிட்டு வீறிட்டு அழுதான். சுற்றியிருந்தவர்கள் "அம்மா தோத்துட்டாங்கன்னு அழுகறான் பாரு, பாசத்தப் பாரு" என்று உச்சுக்கொட்டினார்கள். அவன் அழுதது அம்மா கீழே விழுந்து கிடந்ததற்கு. நான் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்ததும் அவனும் என் மடியில் உட்கார்ந்து அதே பாட்டிலில் மிச்சத்தைக் குடித்துவிட்டு, குதிரைமேல் ஏறுவதுபோல என் முதுகில் ஏறிவிட்டான்.

பிள்ளைகள் நம் முகத்தைப் பார்த்துத்தான் நிலைமையைத் தெரிந்துகொள்கிறார்கள் என்பதற்கு ஒரு பழைய பரிசோதனை உண்டு. ஒரு மேஜை, பாதி தூரத்துக்குப் பிறகு பலகை முடிந்து கண்ணாடி மட்டும். தவழ்ந்து வரும் குழந்தைக்கு அந்த இடத்தில் தரை கீழே இறங்குவதுபோலத் தெரியும். எதிர்முனையில் அம்மா. 1985-ல் வெளியான ஆய்வில் ஒரு வயதுக் குழந்தைகளை இப்படி விட்டுப் பார்த்தார்கள். அம்மா சிரித்த முகமாக நின்றபோது 19 குழந்தைகளில் 14 கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்டன. அம்மா பயந்த முகத்தைக் காட்டியபோது 17 குழந்தைகளில் ஒன்றுகூட வரவில்லை. பள்ளம் இரண்டு தடவையும் ஒரே பள்ளம்தான்.

ஃபினிஷ் கோட்டுக்குப் பக்கத்தில் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பிள்ளைக்கும் ஸ்கோர்போர்டு நம் முகம்தான். டைமிங் நன்றாக வந்த சந்தோஷத்தில் ஆறாவதாக வந்தும் சிரித்துக்கொண்டு போனால் பிள்ளை குதிக்கும். முதல் இடம் வந்தும் நேரம் சரியில்லை என்று வாட்சையே முறைத்துக்கொண்டு நின்றால் பிள்ளை பம்மிவிடும். 2025 ஜூனில் பாரிஸில் கென்யாவின் ஃபெய்த் கிப்யேகோன் ஒரு மைலை நாலு நிமிஷத்துக்குள் ஓடப் பார்த்தார். முன்னாலும் பின்னாலும் காற்றைத் தடுக்க ஆட்கள் ஓட, 4 நிமிஷம் 6.42 விநாடியில் முடித்தார். அதுவரை எந்தப் பெண்ணும் ஒரு மைலை அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. ஆனாலும் எல்லோரும் அவரைத் தேற்றினார்கள். அவருக்கும் ஒரு பெண் பிள்ளை இருக்கிறது. யாருமே அம்மாவை முந்தவில்லை, அப்படியிருக்க எதற்குத் தேற்றுகிறார்கள் என்று அந்த வயதில் ஒரு பிள்ளை கேட்டால் நான் என்ன சொல்வேன் என்று யோசித்துப் பார்த்தேன். சொல்வதற்கு ஒன்றும் அகப்படவில்லை.

பெரியவளுக்கு ஏழு வயது ஆகும்போதுதான் விஷயம் மாறியது. இந்த வயதில் பிள்ளைகளுக்குத் தன்னையும் அடுத்தவரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற பழக்கம் வந்துவிடுகிறது. வகுப்பில் யார் முதலில் வாசித்து முடித்தார்கள், யாருக்குக் கையெழுத்து அழகு, எல்லாம் வீட்டுக்கு வந்து சேரும். நேரு ஸ்டேடியத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, 1500 மீட்டர். மூன்றே முக்கால் சுற்று. கடைசிச் சுற்றுக்கு பெல் அடிக்கும்போது என் பிரிவில் நான் மூன்றாவது. கடைசி நூறில் பச்சை டீஷர்ட் போட்ட ஈரோட்டுப் பெண் ஒருவர் வெளிப்பக்கமாக வந்தார். அவருடைய மூச்சு எனக்குக் கேட்டது. வேலியில் நின்ற பெரியவளின் குரலும் கேட்டது: "அம்மா, வர்றாங்கம்மா, வர்றாங்க!" இரண்டு எட்டு வித்தியாசத்தில் நாலாவதாக வந்தேன்.

பரிசு கொடுக்கும்போது விக்டரி ஸ்டாண்டைப் பார்த்துச் சின்னவன் "அம்மாவுக்கு ஏன் படி இல்ல?" என்றான். "பேசாம இர்ரா" என்று அவன் வாயைப் பொத்தினாள் பெரியவள். கீழே இறங்கிய ஈரோட்டுக்காரர், நல்ல மனுஷி, பையிலிருந்து இரண்டு கடலைமிட்டாய் எடுத்து நீட்டினார். இவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். இரண்டையும் சின்னவன் தின்றான்.

திரும்பும்போது அவள் என் ஸ்கூட்டரின் பின்னால் இருந்தாள். அவினாசி ரோட்டில் கொஞ்ச தூரம் வந்ததும் காதருகே கேட்டாள்.

"நீ விட்டுக் குடுத்தியா, இல்ல முடியலயா?"

"முடியல கண்ணு."

"ஏன் முடியல?"

"கடைசி நூறுல அவங்களுக்கு என்னவிட வேகம் ஜாஸ்தி."

"அப்ப அடுத்த வாட்டியும் அவங்கதான் வருவாங்க."

"வரலாம்."

லட்சுமி மில்ஸ் சிக்னல் வரை பேச்சில்லை. சிக்னலில் நிற்கும்போது என் முதுகில் ஈரம் தெரிந்தது. வியர்வை காய்ந்திருந்த டீஷர்ட், அதனால் அது அவளுடைய கண்ணீர்தான் என்று தெரியும். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பச்சை விழுந்ததும் வண்டியை எடுத்தேன். பீளமேடு தாண்டும்போது "பசிக்குது" என்றாள். வழியில் நிறுத்தி இரண்டு பேரும் ரவா தோசை சாப்பிட்டோம். அவள் என்னுடையதிலும் பாதி சாப்பிட்டாள்.

வீட்டில் என் அம்மா, பிள்ளைகளுக்கு அமுச்சி, காத்துக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டு பேத்தியை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். "போவுது உடு சாமி. செயிச்சு என்னாகப் போகுது? ஓடறதே போதும்." பெரியவள் மடியிலிருந்து எழுந்து உட்கார்ந்து கேட்டாள், "ஓடறதே போதும்னா அம்மா எதுக்கு அமுச்சி நாலரைக்கு அலாரம் வெச்சு எந்திரிக்கறாங்க? எட்டு மணிக்கு ஓடலாமல்ல?"

அமுச்சியிடம் பதில் இல்லை. ஜெயிப்பது முக்கியமில்லை என்று பிள்ளையிடம் சொல்வது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. அலாரம் அடிப்பதையும், கல்யாண வீட்டில் நான் ஜாங்கிரியை ஒதுக்குவதையும், ஒவ்வொரு வியாழக்கிழமையும் 400 மீட்டரைத் திரும்பத் திரும்ப ஓடும் ரிப்பீட்ஸை முடித்துவிட்டுப் படி ஏற முடியாமல் கைப்பிடியைப் பிடித்து ஏறுவதையும் தினமும் பார்க்கிற பிள்ளை அது. ஜெயிக்க வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை என்பது அதற்கு நன்றாகத் தெரியும். அப்படித் தெரிந்த பிள்ளையிடம் "எனக்கு ஒண்ணும் இல்ல" என்று சொன்னால், தோற்றதுகூடப் பரவாயில்லை, அம்மா பொய் சொல்கிறாள் என்றாகிவிடும். எனக்கு வருத்தமாக இருந்தால் வருத்தம் என்றே சொல்லிவிடுகிறேன். சாயந்தரத்துக்குள் சரியாகிவிடும் என்பதையும் சொல்கிறேன். அது பெரும்பாலும் சரியாகியும் விடுகிறது.

ஸ்டான்ஃபோர்டின் கைலா ஹைமோவிட்ஸும் கேரல் டுவெக்கும் 2016-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கே ஞாபகத்துக்கு வருகிறது. திறமை வளரக்கூடியதா, பிறவியிலேயே வந்ததா என்பது பற்றிப் பெற்றோர் மனசுக்குள் என்ன நினைக்கிறார்கள் என்பது பிள்ளைகளுக்கு அவ்வளவாகப் போய்ச் சேரவில்லை. தோல்வியைப் பெற்றோர் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் போய்ச் சேர்ந்தது. தோல்வி ஆளைச் சாய்த்துவிடும் என்று நினைக்கிற பெற்றோரின் பிள்ளைகள், திறமை மாறவே மாறாது என்று நம்புகிற பக்கம் சாய்ந்தார்கள். மனசுக்குள் இருப்பது பிள்ளைக்குத் தெரியாது, முகமும் பேச்சும் தெரியும். அந்த டீச்சரின் மகள் சொன்ன காய்ச்சலுக்கு எனக்கு இதில்தான் விளக்கம் கிடைத்தது.

வீடு என்றால் அம்மா அப்பா மட்டும் இல்லை. எங்கள் குழுவில் ஆண்கள் தோற்றால் அது வீட்டில் ஒரு நாள் கேலி, அவ்வளவுதான். போலீஸ்காரரின் சம்சாரம் அவருடைய ஹீட்ஸ் ஓட்டத்தை இன்றைக்கும் நடித்துக் காட்டுவார், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். பெண்கள் தோற்றால் விசாரணை வேறு மாதிரி. "புள்ளைங்களத் தூங்க உட்டுப்போட்டு ஓடப் போயி, ஒண்ணுமில்லாம வந்திருக்கற?" இதை என் முகத்துக்கு நேராகவே ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர் ஒருத்தர் கேட்டார். பெரியவள் அப்போது பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பென்சில் நின்றது எனக்குத் தெரிந்தது. அம்மா காலையில் இல்லாமல் போவதற்கு ஈடாக ஒரு மெடல் வர வேண்டும், வராவிட்டால் அம்மா செய்தது தப்பு. அந்த ஒரு வாக்கியத்தில் இத்தனையும் இருக்கிறது. அவள் அந்த ஸ்கூட்டரில் அழுததில் பாதி எனக்காக, மீதி இந்தக் கணக்குக்காக என்றுதான் நினைக்கிறேன். அப்பாக்களிடம் யாரும் இந்தக் கணக்கைக் கேட்பதில்லை. அதனாலேயே அவர்களுடைய பிள்ளைகளால் அப்பா தோற்பதை ஒரு தமாஷாக எடுத்துக்கொள்ள முடிகிறது. அப்பாக்கள் ஏதோ பெரிய மனசோடு தோல்வியை ஏற்கிறார்கள் என்று டீக்கடையில் ஒருவர் தத்துவம் பேசியபோது எனக்குக் கொஞ்சம் சூடாகிவிட்டது.

பள்ளிக்கூடங்களும் லேசுப்பட்டவை இல்லை. 2023-ல் ஃப்ரேசர்-ப்ரைஸ் மகனுடைய பள்ளி விளையாட்டு விழாவில் பெற்றோர் ஓட்டத்தில் ஓடி, மற்ற அம்மாக்களையெல்லாம் எங்கேயோ விட்டுவிட்டு வந்த வீடியோ உலகம் பூராவும் சுற்றியது. நானும் அதைப் பார்த்துவிட்டு ஒரு நப்பாசையோடு எங்கள் பிள்ளைகளின் விழாவுக்கு ஷூ மாட்டிக்கொண்டு போனேன். அப்பாக்களுக்கு 100 மீட்டர் வைத்தார்கள். அம்மாக்களுக்கு லெமன் அண்ட் ஸ்பூன். எலுமிச்சம்பழம் பத்தடியில் விழுந்தது, மறுபடி இருபதடியில் விழுந்தது. பெரியவள் தோழிகளோடு நின்று பார்த்துவிட்டு, "எங்கம்மாவுக்கு ஓட மட்டுந்தான் தெரியும்" என்று அவர்களிடம் சொன்னாள். காய்ச்சல் என்று சொல்லவில்லை.

தோற்றதைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் வீட்டில் நான் எடுப்பது பி.டி. உஷாவின் கதையை. 1984 லாஸ் ஏஞ்சலஸ், 400 மீட்டர் தடை ஓட்டம். ருமேனியாவின் கோஜோகாரு 55.41, உஷா 55.42. நூறில் ஒரு பங்கு விநாடியில் நாலாவது. "நூறுல ஒரு பங்குன்னா எவ்வளவு?" என்று கேட்டாள். போனில் ஸ்டாப்வாட்சை எடுத்துக் கொடுத்து, ஆரம்பித்த உடனே நிறுத்திப் பார் என்றேன். எவ்வளவு வேகமாக அழுத்தினாலும் 0.10-ஐ ஒட்டித்தான் நின்றது. அரை மணி நேரம் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு அதே வேலையாக இருந்தாள். இரண்டு கட்டைவிரலாலும் அடித்துப் பார்த்தாள். கடைசியில் போனைக் கொண்டுவந்து கொடுத்து, "இது யாராலயும் முடியாது. அவங்க தோக்கவே இல்ல, மிஷின்தான் சொல்லிருச்சு" என்றாள். அதற்கப்புறம் வித்யா ராம்ராஜ் கதையைச் சொன்னேன். எங்கள் கோயம்புத்தூர்ப் பெண். 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அதே 55.42-ஐ ஓடி, 39 வருஷமாக உஷா பெயரில் தனியாக நின்ற தேசிய சாதனையைச் சமன் செய்தவர், ஃபைனலில் வெண்கலம் வாங்கியவர். நேரு ஸ்டேடியத்தில் யாராவது தடை தாண்டிப் பழகினால் பெரியவள் இப்போது நின்று பார்த்துவிட்டுத்தான் வருவாள்.

உஷா 34 வயதில், சின்னப் பையனுக்கு அம்மாவாக, 1998-ல் ஜப்பானின் ஃபுகுவோகாவில் நடந்த ஆசியத் தடகளத்தில் 200-லும் 400-லும் வெண்கலம் வாங்கியதும் எனக்குப் பிடித்த சங்கதி. ஷைனி வில்சன் இன்னொருவர். 1986 சியோல் ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் முன்னால் ஓடியும், லேன் மாறக் கூடாத இடத்தில் மாறிவிட்டதால் தகுதி நீக்கம் ஆனவர். அம்மாவான பிறகு, 1995-ல் சென்னையில் நடந்த தெற்காசிய விளையாட்டில் 1:59.85 ஓடினார். அந்தத் தேசிய சாதனையை 2010-ல் டின்டு லூகா வந்துதான் முறியடித்தார். பிள்ளை பெற்றவளுக்கு வேகம் போய்விடும் என்று பேசுகிறவர்களிடம் நான் இந்த ஒரு நேரத்தைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். 800 ஓடுகிறவளுக்கு இரண்டு நிமிஷத்துக்குள் என்றால் என்னவென்று தெரியும்.

பெரியவள் போன ஆண்டு விழாவில் 50 மீட்டரில் ஐந்தாவது வந்தாள். ஓடி முடித்ததும் நேராக என்னிடம் வரவில்லை. தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு, சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டு, நிதானமாக வந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் "ஒண்ணும் சொல்லாத" என்றாள். அப்புறம் இரவு படுக்கும்போது அவளாகவே, மூன்றாவது வந்த பெண்ணின் கால் நீளம், அவள் தினமும் ஸ்கேட்டிங் போகிறாள், விசில் ஊதும் முன்னாலேயே ஒரு கால் நகர்ந்தது என்று பத்து நிமிஷம் அலசினாள். ஓட்டக்காரர்கள் டீக்கடையில் பேசுகிற பேச்சு அப்படியே இருந்தது. அதில் விசில் விஷயம் மட்டும் உண்மையா என்பது எனக்குச் சந்தேகம்.

இப்போதெல்லாம் என் 1500-க்கு அவள் வேலியில் நிற்பதில்லை. ஸ்டார்ட் ஆகிற பக்கம் வளைவுக்கு வெளியே நின்று சுற்றுக்கு ஒருமுறை எனக்கு நேரம் சொல்கிறாள். நேரத்தோடு விமர்சனமும் வரும். "எய்ட்டி செவன், ரொம்ப ஸ்லோ!" "பச்ச சட்ட பின்னாடி இருக்கு, பாத்துக்க!" போன மீட்டில் ஈரோட்டுக்காரரே ஓடிக்கொண்டே சிரித்துவிட்டார். அன்றைக்கும் அவர்தான் எனக்கு முன்னால் வந்தார். ஆனால் இந்தமுறை கடலைமிட்டாயை வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொண்டு, "ஆன்ட்டி, நீங்க வியாழக்கிழமை என்ன ஒர்க்அவுட் பண்ணுவீங்க?" என்று கேட்டாள். அவரும் வெள்ளந்தியாக எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் என் டைரியில் எழுதி வைத்திருக்கிறாள்: 200 மீட்டர், எட்டு தடவை, நடுவில் 200 நடை.

அடுத்த மீட்டுக்கு வருவதற்கு ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள். அமுச்சி ஸ்டேடியத்துக்கு வரக் கூடாதாம். வந்தால் "ஓடறதே போதும்"னு சொல்லி எல்லாத்தையும் கெடுத்துருவாங்களாம். அமுச்சியோ போட்டுக்கொண்டு வருவதற்குப் புதுச் செருப்பு வாங்கி வைத்திருக்கிறார். யார் போய்ச் சொல்வது என்று வீட்டுக்காரரும் நானும் இன்னும் முடிவு செய்யவில்லை.